யூரின் டிரக் ஸ்ட்ரிப்பை ஹவுஸ் சர்ஜன்களுக்கு எப்படிச் சொல்லிக் கொடுக்கிறீர்கள்?

கேள்வி: மனநலத்துறை அசிஸ்டென்ட் புரொஃபசர்
போன வாரம் காஷுவாலிட்டியில் ஒரு பையனை அவன் அப்பா இழுத்து வந்தார். ஹவுஸ் சர்ஜன் சிறுநீரில் போதை மருந்து பார்க்கும் ஸ்ட்ரிப்பைப் போட்டுவிட்டு, "ஓப்பியேட்ஸில் (அபின் வகை) ரெண்டு கோடு சார், பாசிட்டிவ்" என்று அந்த அப்பாவிடமே சொல்லிவிட்டான். நான் போய்ச் சேர்வதற்குள் பையன் கன்னத்தில் அறை விழுந்துவிட்டது. ரெண்டு கோடு என்றால் நெகட்டிவ்! கர்ப்பம் பார்க்கிற கார்டில் பழகிய கண் அவனுக்கு. திட்ட வாய் வரவில்லை. நாங்கள்தான் சொல்லிக் கொடுக்கவே இல்லையே. வியாழக்கிழமை 45 நிமிடம் கிளாஸ். எதில் தொடங்கலாம்?

பதில் 1: பயோகெமிஸ்ட்ரி லேப்
கோட்டிலேயே தொடங்குங்கள். யூரினில் மருந்து இருந்தால் ஸ்ட்ரிப்பில் உள்ள ஆன்டிபாடியை அது முந்திக்கொண்டு பிடித்துவிடும். டி (டெஸ்ட்) இடத்தில் ஒட்ட எதுவும் மிஞ்சாது, கோடு வராது. மங்கலாக வந்தாலும் கோடு கோடுதான், நெகட்டிவ். ஒருமுறை போர்டில் படம் போட்டால் போதும், மறக்க மாட்டார்கள்.

பதில் 2: டீஅடிக்‌ஷன் வார்டு பிஜி
எங்களுக்கு நேர் எதிர்க் கதை. கையெல்லாம் ஊசித் தழும்பு, டேபென்டடால் வலி மாத்திரையைக் கரைத்துப் போட்டதாக அவனே சொல்கிறான். ஓப்பியேட்ஸ் நெகட்டிவ். "பொய் சொல்றான்" என்று கேஸ் ஷீட்டில் எழுதியது நான்தான், வெட்கம். அந்த ஸ்ட்ரிப் தேடுவது மார்ஃபின், கோடீன் வகையை. டேபென்டடால், டிரமடால், ஃபென்டனில் அதில் சிக்காது. பியூப்ரினார்ஃபினுக்குத் தனி ஸ்ட்ரிப். பதற்றத்துக்கான க்ளோனசெபாம் மாத்திரையும் அந்த வகையைத் தேடும் பென்சோ ஸ்ட்ரிப்பில் பலமுறை நழுவிவிடும்.

பதில் 3: பழைய ஆள், ரிட்டயர்டு
கசகசாவை விட்டுவிடாதீர்கள். அதில் நிஜமாகவே கொஞ்சம் மார்ஃபின் உண்டு, குருமாவில் போட்டாலும். அமெரிக்க அரசு வேலையிடச் சோதனைகளில் ஓப்பியேட்ஸ் பாசிட்டிவ் என்று கணக்கிடும் அளவை மில்லிக்கு 300 நானோகிராமிலிருந்து 2000-க்கு ஏற்றியது 1998-ல், இந்தத் தொல்லைக்காகத்தான். பல ஸ்ட்ரிப்கள் இன்னும் 300-தான். டப்பாவைத் திருப்பிப் படிக்கச் சொல்லுங்கள். கோடீன் உள்ள இருமல் சிரப் குடித்தானா என்றும் கேட்கட்டும். போலீஸ், வேலை என்று போகிற கேஸானால் ஜிசி-எம்எஸ் (லேபில் செய்யும் உறுதிப் பரிசோதனை) முடிவு வராமல் வாய் திறக்கக் கூடாது.

கேள்வி கேட்டவர்:
சரி, முதல் பத்து நிமிடம் கோடு. அப்புறம், ஸ்ட்ரிப் பிரிக்குமுன் "என்ன சாப்பிட்டாய், எப்போது" என்று பையனைத் தனியாகக் கேட்டு எழுதச் சொல்லப் போகிறேன், அப்பா வெளியே. சி (கன்ட்ரோல்) கோடே வராத, அதனால் செல்லாத ஸ்ட்ரிப் ஒன்று மேஜை டிராயரில் கிடக்கிறது. ஒன்றும் சொல்லாமல் அதைச் சுற்றுக்கு விட்டு, எத்தனை பேர் பாசிட்டிவ் என்று எழுதுகிறார்கள் பார்க்கலாம்.