மலையில ராத்திரி தங்கின அனுபவம் இருந்தா பகிர்ந்துக்கங்க

நான் ஆரம்பிக்கிறேன். 2019 மக்களவைத் தேர்தலுக்கு எனக்குத் தருமபுரி மாவட்டம் கோட்டூர் மலை பூத்துல டியூட்டி போட்டாங்க. மேல போக அப்ப ரோடு கிடையாது. ஓட்டு மிஷின் கழுதை மேலதான் ஏறும்.

அடிவாரத்துல கழுதைக்காரர் சுமை ஏத்தினதை நான் மறக்கவே மாட்டேன். முதுகுல சாக்கை நாலா மடிச்சுப் போட்டார். ஒரு பக்கம் கன்ட்ரோல் யூனிட், மறுபக்கம் விவிபேட், அதாவது யாருக்கு ஓட்டுப் போட்டோம்னு சீட்டுல காட்டுற மிஷின். கயித்தை இழுத்துப் பார்த்துட்டு, எடை குறைஞ்ச பக்கம் ஒரு கருங்கல்லைச் சொருகினார். "இல்லன்னா பாதியில ஒருக்களிச்சிடும் சார்"னார். ஏப்ரல் 17, சித்திரை வெயில். கழுதைங்க நிக்காம ஏறிடுச்சு, நாங்கதான் மரத்துக்கு மரம் உட்கார்ந்து உட்கார்ந்து போனோம்.

தங்கல் பள்ளிக்கூடத்துல. மிஷினை விட்டு யாரும் நகரக்கூடாது, அதனால சுத்தி பாயைப் போட்டுப் படுத்தோம். ஊர்ல களியும் கொள்ளுக் கடைசலும் கொடுத்தாங்க. அந்தப் பசிக்கு அது தேவாமிர்தம். ராத்திரி கரண்ட் போயிடுச்சு. சித்ரா பவுர்ணமிக்கு ரெண்டு நாள் முந்தி, நிலா வெளிச்சமே போதுமா இருந்துச்சு. கீழ அவ்வளவு புழுக்கம், மேல ஒரு துண்டு போதாம குளிர்.

ஒரு மணி இருக்கும். சரிவுல நாலஞ்சு செல்போன் வெளிச்சம் வரிசையா ஏறி வந்துச்சு. யாரோ என்னமோன்னு போலீஸ்காரர் எழுந்து வாசலுக்குப் போயிட்டார். பார்த்தா, பெங்களூர்ல கட்டட வேலை பார்க்கிற நம்ம ஊர்ச் சனம், ஓட்டுப் போட வந்திருக்காங்க. தோள்ல தூங்குற குழந்தையோட ஒரு பொண்ணு, தலையில துணிமூட்டை. தண்ணி கேட்டுச்சு, என் பாட்டிலைக் கொடுத்தேன்.

"விடிஞ்சு வரலாமேம்மா, இந்த இருட்டுல ஏன்?"

"வெயிலு ஏறிட்டா கொழந்த தாங்காது சார். சாயங்காலம் திரும்ப எறங்கணும், நாளன்னிக்கு வேலை."

காலையில ஏழு மணிக்குப் பூத்தைத் திறந்தோம். நாலாவது ஆளா அதே பொண்ணு, தலை குளிச்சுப் பூ வெச்சு நிக்குது. விவிபேட்ல சீட்டு ஏழு நொடி தெரியும், பாதிப்பேர் அதுக்குள்ள திரும்பிடுவாங்க. அந்தப் பொண்ணு சீட்டு பெட்டிக்குள்ள விழுற வரைக்கும் கண்ணெடுக்காம நின்னுச்சு. பதினாறு வருஷம் தேர்தல் வேலை பார்த்திருக்கேன், ஒரு ஓட்டோட கனம் அன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது.

---

படிக்கவே நெஞ்சு நிறைஞ்சுடுச்சுங்க சார். எனக்கு அனுபவம் கிருஷ்ணகிரி பக்கம், தேன்கனிக்கோட்டை தாண்டி மலையோரம். மாமாவோட ராகிக் காட்டுல பரண் மேல ஒரு ராத்திரி. ராகி கதிர் முத்துற சமயம் பன்னார்கட்டா காட்டுல இருந்து யானைங்க கூட்டமா வந்துடும், அதனால மாசக்கணக்குல யாராவது பரண்ல முழிச்சிருக்கணும்.

யானை வந்தா நிலம் அதிரும்னு நெனச்சிருந்தேன். ஒண்ணும் கேக்கல. மாமா என் வாயைப் பொத்தி, "மூச்சு விடாத மாப்ள"ன்னார். அப்புறம்தான் கேட்டுச்சு, ராகித் தாளை வேரோட பிடுங்கி, மண்ணு போகக் கால்ல தட்டுற சத்தம். தட், தட், தட். அவ்வளவு கிட்ட. மாமா தகரத்தை அடிச்சார், பக்கத்துக் காட்டுக்காரங்களும் அடிச்சாங்க, அஞ்சு நிமிஷத்துல காடு அமைதியாயிடுச்சு.

விடிஞ்சதும் இறங்கிப் பார்த்தோம். கால் ஏக்கர் போயிருந்துச்சு. மாமா ஒரு வார்த்தை திட்டல. மிதிபட்ட கதிரையெல்லாம் குனிஞ்சு குனிஞ்சு பொறுக்கி மடியில கட்டிக்கிட்டார். நானும் கூடவே பொறுக்கினேன்.