புதுப்பிப்பு: செயின் பராமரிப்புக்கு நான் வாங்கிய ஸ்டாண்ட்

நடு ஸ்டாண்ட் இல்லாத என் பைக்கின் செயினைத் தண்டையார்பேட்டை வீட்டிலேயே துடைத்து எண்ணெயிட எந்த ஸ்டாண்ட் ஏற்றது என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். பின்சக்கரத்தைத் தூக்கும் பேடாக் ஸ்டாண்டையே வாங்கிவிட்டேன். பின்சக்கரத்தைத் தாங்கும் சட்டமான ஸ்விங்ஆர்மில், ஸ்டாண்டின் கொக்கி மாட்டிக்கொள்ளும் சிறு உருளையான ஸ்பூலைப் பொருத்தத் திருகுத்துளை இல்லாததால், ரப்பர் உறையிட்ட தட்டையான தாங்கிகள் கொண்டதைத் தேர்ந்தெடுத்தேன். இவை ஸ்பூல் கொக்கிகளைப் போல இறுகப் பிடிப்பதில்லை என்பதால், இருபுறமும் சரியாக அமரும் முன் ஸ்டாண்டின் கைப்பிடியை அழுத்தினால் வண்டி ஒருபக்கம் சாய்ந்துவிடும். முதல் நாளே எனக்கு அதுதான் நேர்ந்தது, தம்பி பிடித்திருக்காவிட்டால் டேங்க் நசுங்கியிருக்கும். எங்கள் வாசல் தெருப்பக்கம் சரிவதும் ஒரு காரணம். ஆகவே இப்போது சமதளமான உள்நடையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டுச் சக்கரத்தைக் கையால்தான் சுற்றுகிறேன். கடற்காற்றில் துரு விரைவில் ஏறும் என்பதால் ஸ்டாண்டின் வெல்டிங் இணைப்புகளுக்குக் கூடுதலாக ஒரு பூச்சு அடித்திருக்கிறேன். முன்சக்கர ஸ்டாண்ட் இப்போதைக்குத் தேவைப்படவில்லை.