வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைக்குப் பயிற்சி உதவுமா?

கோபி ஆசிரியை:
என் இரண்டாம் வகுப்பில் ஒரு சிறுமி, வருகைப் பதிவின்போது "உள்ளேன் டீச்சர்" என்று தானே சொல்லாமல், பக்கத்தில் இருப்பவளை முழங்கையால் இடித்துச் சொல்லவைக்கிறாள். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு பாடவேளை ஒதுக்கி, முகம் பார்த்துப் பேசுவது, பென்சில் கேட்பது, விளையாட்டில் "நானும் வரட்டுமா" என்று கேட்பது ஆகியவற்றைப் படிப்படியாகப் பழக்கலாம் என்று சொன்னேன். "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்கிறார்கள் சக ஆசிரியர்கள்.

பெருந்துறை அப்பா:
நானும் உங்கள் யோசனையை ஏற்கவில்லை, ஆனால் காரணம் வேறு. பள்ளியில் ஊமையாக இருக்கும் என் மகன், வீட்டில் ஆட்டுக்குட்டிக்கு யார் தீனி வைப்பது என்று தன் அப்புச்சியோடு வாதாடி வெல்கிறான். அவனுக்குப் பேசத் தெரிகிறது, அச்சம்தான் தடுக்கிறது. தனியே உட்காரவைத்துப் பழக்கினால், தன்னிடம் ஏதோ குறை இருக்கிறது என்பதைத்தான் அவன் கற்றுக்கொள்வான்.

கோபி ஆசிரியை:
அமெரிக்காவில் உளவியலாளர் டெபோரா பைடல் குழுவினர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், சமூக அச்சம் கொண்ட 8 முதல் 12 வயதுப் பிள்ளைகள் 67 பேர் பங்கேற்றனர். 12 வாரம் கழித்து, சமூகத் திறன் பயிற்சி பெற்றவர்களில் 67 விழுக்காட்டினருக்கு அந்தக் கோளாறு இருப்பதாகச் சொல்ல முடியவில்லை. தேர்வு பயத்துக்கான பயிற்சி மட்டும் பெற்றவர்களில் அந்த அளவு 5 விழுக்காடுதான்.

கோவை சிறப்புக் கல்வியாளர்:
எண்கள் சரி, ஆனால் ஆசிரியை பாதியைத்தான் சொல்கிறார். அத்திட்டத்தில் ஒவ்வொரு குழு வகுப்புக்கும் பிறகு, கூச்சமில்லாத சம வயதுப் பிள்ளைகளோடு இவர்களை விளையாடவிட்டார்கள். அது போக, ஒவ்வொரு பிள்ளையும் அஞ்சும் சூழலைத் தனியாகவும் சிறிது சிறிதாக எதிர்கொள்ளச் செய்தார்கள். பலன் தந்தது எது என்று பிரித்துச் சொல்ல அந்த ஆய்வில் வழியில்லை. பாடவேளையில் மட்டும் பழக்குவது, நீச்சல் பழக முதுகில் சுரைப்புருடையைக் கட்டிவிட்டுக் கிணற்று மேட்டிலேயே நிறுத்திவைப்பது போன்றது.

பெருந்துறைக்காரருக்கும் ஒன்று: வீட்டில் தாராளமாகப் பேசும் பிள்ளை பள்ளியில் பேசாதிருப்பது, சேர்ந்த முதல் மாதத்தைக் கடந்தும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்துப் படிப்பையோ பழக்கத்தையோ பாதித்தால், அது வெறும் கூச்சமன்று, தேர்ந்தெடுத்த பேச்சின்மை (selective mutism) என்னும் அச்சக் கோளாறாக இருக்கலாம். உளவியலாளரிடம் காட்டுங்கள். அவனிடம் கேட்கும் கேள்விகளுக்கு வீட்டில் யார் பதில் சொல்கிறீர்கள்?

பெருந்துறை அப்பா:
உண்மைதான். போன வாரச் சந்தையில் பொரி விற்கும் அம்மா, "என்ன கண்ணு வேணும்?" என்று கேட்டபோது, அவன் என் வேட்டியைப் பிடிப்பதற்குள் நான் பதில் சொல்லிவிட்டேன். உளவியலாளரைப் பார்க்கிறோம். ஆனாலும் பிரித்து உட்காரவைப்பதை ஏற்க மாட்டேன்; "தைரியம் வரட்டும்" என்று ஆண்டு விழா மேடையில் ஏற்றுவதையும் ஏற்க மாட்டேன்.

கோபி ஆசிரியை:
மேடை என் எண்ணத்திலேயே இல்லை. தனிப் பாடவேளையையும் கைவிடுகிறேன். அமைதியான ஒரு தோழியோடு என் வகுப்புச் சிறுமியை அடுத்த வகுப்புக்கு அனுப்பிச் சாக்பீஸ் வாங்கிவரச் செய்யலாம். முதல் வாரம் தோழி கேட்கட்டும், இவள் கையை நீட்டினால் போதும்.

பெருந்துறை அப்பா:
அதற்கு எனக்கு மறுப்பில்லைங்க. வாய் திறக்கும் நாளில் வகுப்பு முழுக்கக் கைதட்டாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.