வீட்டோடு தங்கிக் குழந்தை பார்க்க வரும் பெண்ணிடம் விதிகளை எழுதிக் கொடுக்கலாமா?

தண்டையார்பேட்டை அம்மா: அடுத்த வாரம் கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து 22 வயதுப் பெண் ஒருத்தி எங்களோடு தங்கி, 2 வயது மகனைப் பார்த்துக்கொள்ள வருகிறாள். நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். காலை 8 முதல் மாலை 6 வரை வேலை, ஞாயிறு லீவு, 5ஆம் தேதிக்குள் சம்பளம், குழந்தையைத் தனியே விட்டு மொட்டைமாடிக்குப் போகக் கூடாது, அவன் படத்தை ஸ்டேட்டஸில் போடக் கூடாது. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். "வர்ற பொண்ணை வாசல்லயே நிக்க வச்சு சட்டம் பேசுவியா?" என்கிறார் மாமியார்.

பெரம்பூர் பெரியவர்: மாமியார் சொல்வதுதான் சரி. வந்ததும் சாப்பாடு போடுங்கள், ஊரில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள், பிள்ளையை அவள் மடியில் உட்கார வையுங்கள். மற்றது தானாக வரும். நடுராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல் கொதித்தால் தாளில் எந்த வரியைத் தேடுவீர்கள்?

ராயபுரம்காரி: மன்னிக்கவும் ஐயா, இதை நான் ஏற்க மாட்டேன். நேரம் பேசாத வீடுகளை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். குழந்தை பார்க்க வந்தவள் தலையில் முதலில் பாத்திரம் ஏறும். அப்புறம் லாரித் தண்ணீர் வந்தால் குடம், ராத்திரி பாட்டிக்குக் கால் பிடிப்பது. யாரும் அதட்டுவதில்லை. "கொஞ்சம் பாரும்மா" என்று சொல்லிச் சொல்லியே அவளுடைய நாள் முழுதும் போய்விடுகிறது.

என் அக்கா மகள் ஜெர்மனியில் 'ஓ பேர்' (au pair) ஆக, அதாவது மொழி படிக்கப் போய், ஒரு குடும்பத்தோடு தங்கிக் குழந்தை பார்க்கிறாள். அங்கே வாரத்துக்கு 30 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. இப்படிப் போகிறவர்களுக்காக 1969இல் போட்ட ஐரோப்பிய ஒப்பந்தமே நாளுக்கு 5 மணி நேரம், வாரம் ஒரு முழு நாள் ஓய்வு, எல்லாம் எழுத்தில் என்கிறது. இருந்தும் அவள் அந்தக் குடும்பத்தோடு ஒரே மேசையில்தான் சாப்பிடுகிறாள்.

பெரம்பூர் பெரியவர்: அவள் மொழி படிக்கப் போனவள். இவள் பிழைப்புக்கு வருகிறவள்.

ராயபுரம்காரி: பிழைப்புக்கு வருகிறவளால், வேண்டாம் என்று கிளம்பிப் போக முடியாது. அதனால்தான் அவளுக்கு எழுத்து அதிகம் தேவை. அம்மா, உங்கள் தாளிலும் குறை இருக்கிறது. பத்து மணி நேரத்தில் ஓய்வு எப்போது? இரவில் குழந்தை அழுதால் யார் எழுவது? அவள் படுக்கும் இடத்துக்குத் தாழ்ப்பாள் உண்டா? வீட்டுப் பணியாளர் நல வாரியம் 2007இலிருந்தே இருக்கிறது, அதில் பதியவும் உதவுங்கள்.

காலடிப்பேட்டை: வாசலில் நீட்ட வேண்டாம். முதலில் மருந்துக்கடை, பால் பூத், பஸ் நிறுத்தம் எல்லாம் காட்டுங்கள். ஒரு நாள் கழித்து உட்கார்ந்து சேர்ந்தே படியுங்கள். அவள் சொல்வதையும் அதில் எழுதுங்கள்.

தண்டையார்பேட்டை அம்மா: ஹாலில் படுக்க வைக்கலாம் என்றிருந்தோம், அங்கே தாழ்ப்பாள் இல்லை. உள்ளறையை அவளுக்கும் மாமியாருக்கும் விட்டு, நாங்கள் ஹாலுக்கு வருகிறோம். மதியம் பிள்ளை தூங்கும் 2 மணி நேரம் அவளுக்கு ஓய்வு. ஊருக்குப் போய்வர ஒரு ஞாயிறு போதாது, மாதம் ஒரு முறை சனியும் சேர்த்து லீவு.

பெரியவரே, காய்ச்சல் ராத்திரியில் எழுவது நானும் கணவரும். மறுநாள் எங்களில் ஒருவர் லீவு போடுவோம். அதையும் எழுதிவிட்டேன்.

பெரம்பூர் பெரியவர்: அந்த வரி எனக்குப் பிடித்திருக்கிறது. தாளை மட்டும் மாமியார் கையால் கொடுக்கச் சொல்லுங்கள்.