மேடைக்கு ஆறு படி

எங்கள் ஊர் தர்மபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டிக்குப் பக்கம். பாரதக் கூத்து நடந்த ஓர் இரவில்தான் அவரை முதலில் பார்த்தேன். இளம்பிள்ளை வாதத்தால் இரண்டு கால்களும் சூம்பியவர். கைகளில் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, ஊன்றி ஊன்றிக் களத்துக்கு வந்தார். செருப்பைக் கழற்றி, சொம்புத் தண்ணீரில் முழங்கை வரை கழுவி, ஈரம் போகத் துடைத்தார். ரவையைப் பிசைந்து மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலான தொப்பியில் அப்பினார். பிறகு விடியும் வரை அந்தக் கைகள் ஓயவில்லை. கர்ணன் வேடக்காரர் சுழன்று எந்த அடியில் நிற்பார் என்பது அவர் விரலுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது.

கூத்துக்களம் வெறும் தரை. அங்கே அவருக்கு ஒரு குறையும் இல்லை.

சென்ற டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினத்தன்று ஓர் அரங்கில் அவரை வாசிக்க அழைத்திருந்தார்கள். மேடைக்கு ஆறு படி, சாய்தளம் கிடையாது. தூக்க ஓடியவர்களில் நானும் ஒருவன்.

"வேண்டாம் தம்பி. மேடை கட்டும்போது என்னை யாரும் நினைக்கவில்லை. மாலை போட மட்டும் எதற்கு நினைக்கிறார்கள்?" என்றார். கீழேயே ஜமக்காளம் விரிக்கச் சொல்லி வாசித்தார். எனக்கு முகம் சுட்டது. தூக்குவதை உதவி என்றே அதுவரை நம்பியிருந்தேன்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 29ஆம் பிரிவு கலை, பண்பாட்டில் சம பங்கைப் பற்றியது. மாற்றுத்திறன் கலைஞர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் வசதியும் ஆதரவும் தருவது அரசின் கடமை என்கிறது. இரக்கத்துக்கு அதில் வேலையே இல்லை.

தொழுநோயைக் காரணம் காட்டி ரயிலில் ஏறத் தடை விதிக்கப்பட்டும், ஊர் ஊராக நடந்தே போய்ப் பேசியவர் சுப்பிரமணிய சிவா. 'ஞானபானு' இதழை நடத்திய எழுத்தாளர். 1925 ஜூலை 23இல் பாப்பாரப்பட்டியில்தான் உயிர் நீத்தார். இன்றைய சட்டம் பட்டியலிடும் 21 குறைபாட்டு வகைகளில் தொழுநோயிலிருந்து குணமானவர்களும் உண்டு. சிவாவின் நினைவிடத்தைத் தாண்டித்தான் விழா முடிந்து அன்று வீடு திரும்பினோம். வழியெல்லாம் நான் பேசவில்லை.

ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது சாய்தளக் கணக்கு. விழாவுக்கு முதல் நாள் பலகையைச் சாய்த்து வைத்துச் சமாளிக்கிற காரியம் அல்ல. போன வாரம் நண்பர்கள் இருவருடன் டேப் எடுத்துக்கொண்டு போய் அந்த மேடையை அளந்தேன். மூன்றடி இரண்டு அங்குலம். ஆக, 38 அடி வேண்டும். பக்கவாட்டில் 50 அடிக்கு மேல் சும்மாதான் கிடக்கிறது. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கிறோம். முதல் கையெழுத்து அவருடையது.