யெஸ்டி ரோட்கிங்: பேரிங் மாத்தின பிறகு ஆக்சிலை இறுக்கினா முன் வீல் சுத்த மாட்டேங்குது

கேட்டவர் (காவேரிப்பட்டினம்):
முன் சக்கரத்துல ஆட்டம் இருந்ததால ரெண்டு பேரிங்கும் மாத்தியாச்சு. இப்போ ஆக்சிலைக் கையால திருகி வச்சா வீல் நல்லா சுத்துது. ஸ்பேனர் போட்டு இறுக்கினா பாதி சுத்துலயே நின்னுடுது. தொப்பூர் வரைக்கும் போயிட்டு வந்ததுல ஹப் கை வைக்க முடியாத சூடு. பிரேக் லீவர்ல ஃப்ரீ ப்ளே இருக்கு. பழைய பேரிங்ல நம்பர் தேஞ்சு போச்சு, கடையில அளந்து பார்த்து 6302 இசட்இசட் கொடுத்தாங்க. பேரிங் டூப்ளிகேட்டா இருக்குமா?

அரூர் டூ-ஸ்ட்ரோக்:
ஆக்சிலைக் கொஞ்சம் லூசா விட்டு ஓட்டுங்க, ஓட ஓட செட் ஆயிடும்.

ஓசூர் லேத்:
தயவுசெஞ்சு அப்படி விடாதீங்க. லூசா விட்டா பேரிங்கோட உள் வளையம் ஆக்சில் மேல சுத்த ஆரம்பிக்கும், ஆக்சில் தேயும், அப்புறம் அதுவும் சேர்ந்து செலவு.

டூப்ளிகேட் பேரிங்னா சத்தம் வரும், சீக்கிரம் போகும். இறுக்கும்போது மட்டும் பிடிக்குதுன்னா சந்தேகம் நடுவுல இருக்கிற ஸ்பேசர் பைப் மேலதான் போகணும். ரெண்டு உள் வளையத்துக்கும் நடுவுல முட்டு கொடுக்கிறது அதுதான். அது நீளம் கம்மின்னா ஆக்சில் இறுகும்போது உள் வளையங்கள் ரெண்டும் உள்பக்கமா நகரும். வெளி வளையம் ஹப் படியில (ஓட்டைக்குள்ள பேரிங் முட்டி நிக்கிற விளிம்பு) உட்கார்ந்திருக்கும், அசையாது. குண்டுகள் பக்கவாட்டுல நசுங்கும். உங்க ஹப் சூடாகுறது இதனாலதான்.

முதல்ல உறுதிப்படுத்திக்கங்க. வீலைக் கழட்டி, பிரேக் பிளேட் இல்லாம, எம்14 த்ரெட் ராடு ஒண்ணை உள்ள விட்டு ரெண்டு பக்கமும் வாஷர், நட்டு போட்டு இறுக்குங்க. வாஷர் உள் வளையத்தை மட்டும் தொடணும், வெளி விட்டம் 22 மி.மீ. தாண்டக் கூடாது. அப்பவும் பிடிச்சா ஸ்பேசர். ஃப்ரீயா சுத்தினா பிரேக் பிளேட்டையும் ஃபோர்க் பக்கத்து வாஷர்களையும் பாருங்க.

கேட்டவர்:
ராடு போட்டுப் பார்த்தாச்சு ஓசூர் அண்ணா, அதுலயும் பிடிக்குது. லூசா இருக்கும்போதும் விரல்ல சுத்தினா லேசா கரகரங்குது. இந்த பேரிங்கையே கழட்டித் திரும்பப் போடலாமா?

ஓசூர் லேத்:
வேண்டாம் தம்பி. கரகரப்பு வந்துடுச்சுன்னா குண்டு ஓடுற பாதையில குழி விழுந்தாச்சு. அதுவும் இல்லாம, கழட்டும்போது உள் வளையத்துல தட்டித்தான் ஆகணும், அந்த அடி குண்டு வழியாத்தான் போகும். புதுசு ரெண்டு வாங்குங்க, 6302 2ஆர்எஸ், அதாவது ரெண்டு பக்கமும் ரப்பர் சீல் வச்சது. இசட்இசட்டோட தகரமூடி தண்ணியைத் தடுக்காது. வாட்டர் வாஷ்ல பிரஷர் கன்னை ஹப்புக்கு நேரா பிடிப்பாங்க, பர்கூர் பக்கம் ஓடுற வண்டின்னா கல் தூசி வேற. சி3 (உள்ள இடைவெளி கூடுதலா விட்ட ரகம்) வீலுக்குத் தேவையில்லை. 15 உள், 42 வெளி, 13 அகலம், கடையிலேயே வெர்னியர் வச்சு அளந்து வாங்குங்க.

பழசை எடுத்ததும் ஸ்பேசரை நல்லா பாருங்க. அதையே பஞ்ச் மாதிரி வச்சுத் தட்டியிருந்தா முனை பூ மாதிரி விரிஞ்சிருக்கும்.

கேட்டவர்:
ஒரு முனை விரிஞ்சிருக்கு, இன்னொரு முனை கிரைண்டர்ல தேச்ச மாதிரி சாய்வா இருக்கு. ஹப்புல படிக்கும் படிக்கும் உள்ள தூரத்தை எப்படி அளக்கிறது?

மத்தூர் பழைய வண்டி:
ஹப்போட மொத்த அகலத்தை அளங்க. வெர்னியர் வால்பக்க ஊசியால ரெண்டு முகத்துலருந்தும் படி வரைக்கும் ஆழம் எடுத்து, ரெண்டையும் மொத்தத்துல கழிங்க. வர்ற அளவைவிட ஸ்பேசர் 0.1 மி.மீ. நீளமா இருந்தா நல்லது, 0.2 தாண்ட வேண்டாம். கம்மியா மட்டும் இருக்கவே கூடாது.

கேட்டவர்:
அளந்துட்டேன். 1.3 மி.மீ. கம்மி.

ஓசூர் லேத்:
அப்போ புதுசாவே கடைஞ்சுக்கங்க. வாஷர் போட்டு ஒப்பேத்த வேண்டாம், அது நடுவுல நழுவி உட்காரும். ரெண்டு முனையையும் லேத்துல ஃபேஸ் பண்ண, அதாவது நேர்மட்டமா சீவச் சொல்லுங்க, ஹேக்சா வெட்டு உதவாது.

மாட்டும்போது: ஹப்பை ஹீட் கன்னால சுத்திச் சுத்தி சூடாக்குங்க, தண்ணி தெளிச்சா சொய்ங்கணும். பேரிங்கைப் பாலித்தீன் கவர்ல கட்டி முதல் நாள் ராத்திரியே ஃப்ரீசர்ல போடுங்க. அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய ரெண்டு மடங்கு விரியும், 80 டிகிரி ஏத்தினா அந்த ஓட்டை 0.08 மி.மீ. கிட்ட பெருசாகும். அது போதும், பேரிங் கிட்டத்தட்ட தானாவே இறங்கும். தட்ட வேண்டி வந்தா பழைய பேரிங்கோட வெளி வளையத்தை வச்சு வெளி வளையத்துல மட்டும். அந்த வளையத்தை முன்னாடியே கிரைண்டர்ல கொஞ்சம் சுத்தித் தேச்சு வைங்க, இல்லேன்னா அதுவும் ஹப்புல மாட்டிக்கும்.

ஒரு பக்கத்தைப் படியில முழுசா உட்கார வைங்க. ஸ்பேசரைப் போட்டு அடுத்த பக்கத்தை இறக்குங்க. ஸ்பேசர் கடகடன்னு ஆடாம, ஆனா விரலால தள்ளினா பக்கவாட்டுல லேசா நகர்ற இடத்துல நிறுத்திடணும். அதுக்கு மேல ஒரு தட்டு தட்டினாலும் முதல் பேரிங் பக்கவாட்டுல அழுத்தம் வாங்கும்.

மத்தூர் பழைய வண்டி:
ஹப் ஆறின பிறகும் பேரிங் கைத்தள்ளுல இறங்குதுன்னா ஓட்டை தேஞ்சிருக்கு. சென்டர் பஞ்ச் வச்சு ஓட்டையைச் சுத்திப் புள்ளி குத்தி விடுவாங்க, அது நிக்காது. இடைவெளி கொஞ்சம்தான்னா லாக்டைட் 641 (பேரிங்கைப் பிடிச்சு நிறுத்துற பசை), நிறையன்னா லேத்துல ஓட்டைக்குள்ள ஸ்லீவ் வளையம் போடணும். கிரீஸை ஹப்புக்குள்ள அடைக்காதீங்க. 2ஆர்எஸ் பேரிங்குக்கு அது தேவையில்லை, சூட்டுல உருகி பிரேக் ஷூவுக்குத்தான் போகும்.

அரூர் டூ-ஸ்ட்ரோக்:
அப்போ நான் சொன்னதை விட்டுடுங்க. ஓசூர் சார், ஸ்பேசர் உள் ஓட்டை அளவு என்ன வைக்கணும்?

ஓசூர் லேத்:
ஆக்சில் 15ன்னா 15.5 வைங்க, இடிக்காம நுழையும். வெளி விட்டம் 22. அதைவிடப் பெருசானா சீல்ல உரசும்.