மிதவையை ஒட்டித் திரும்புற படகுதான் ஜெயிக்குது: ஆர்.சி. (ரேடியோ ரிமோட்ல ஓடற) படகுப் பந்தயம், அனுபவப் பகிர்வு

ஓசூர் லேத்:
புதுசா வர்றவங்க எல்லாருமே முதல்ல கேக்கறது, "எத்தனை கிலோமீட்டர் வேகம் போகும்?" அதுக்கு முன்னாடி ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. ஓவல் பாதை, ரெண்டு முனையிலயும் அரைவட்டம். மிதவையிலிருந்து 3 மீட்டர் வெளியே தள்ளித் திரும்பினா ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 19 மீட்டர் கூடுது. ஆறு சுற்றுக்கு 113 மீட்டர். மணிக்கு 75 கி.மீ. போற படகுக்கு இது அஞ்சரை விநாடி. மொத்தம் 1,500 மீட்டர் பந்தயம்னா, அந்த அஞ்சரை விநாடியை வேகத்தாலேயே மீட்கறதுக்கு 80 கி.மீ.க்கு மேல போகணும். பேட்டரியும் மோட்டாரும் தாங்காது.

அதனால படகை முதல்ல திருப்பத்துக்குத் தயார் பண்ணுங்க. அமெரிக்காவின் நாம்பா, இம்ப்பா சங்கங்களோட முறையில ஓட்டம் வலச்சுற்று, அதாவது கடிகாரம் சுத்தற திசை. ரட்டரும் (சுக்கான்) டர்ன் ஃபின்னும் (திருப்பத்துல படகு சறுக்காம பிடிக்கற தகடு) வலப்பக்கம் வைக்கறது இதனாலதான். பயிற்சியையும் வலப்பக்கத் திருப்பத்துலயே செய்யுங்க.

பாரூர் கரை:
அண்ணன் சொன்னது சரி. ஆனா படகோட அடிப்பகுதி நேரா இல்லைன்னா எந்த ஃபின்னும் காப்பாத்தாது. ஹல்லைக் (படகோட உடல்) கவுத்து வெச்சு, பின்முனையிலிருந்து 20 செ.மீ. தூரத்துக்கு 30 செ.மீ. எவர்சில்வர் ஸ்கேலை நீளவாட்டத்துல நிறுத்தி, பின்னால டார்ச் அடிங்க. நடுவுல வெளிச்சம் தெரிஞ்சா அங்க குழி இருக்கு, ஓடும்போது மூக்கைத் தண்ணிக்குள்ள அமுக்கும். ஸ்கேல் நடுவுல உக்காந்து ரெண்டு முனையும் ஆடினா அங்க மேடு. நேர்ப்பாதையில மூக்கு எகிறி எகிறி விழறதுக்குப் பாதிக் காரணம் இந்த மேடுதான். கார் டிங்கரிங்ல போடற பட்டியை மெல்லிசா இழுத்து, மரக்கட்டையில 400 நம்பர் வாட்டர் பேப்பர் சுத்தித் தேச்சா ரெண்டும் சரியாகும். விரலால பேப்பரைப் பிடிச்சுத் தேய்க்காதீங்க, புதுசா குழி விழும்.

பின்முனையோட கீழ் ஓரம் கூர்மையா இருக்கணும். அச்சுல வார்த்த ஹல்கள்ல அது உருண்டையா வரும். தண்ணி அந்த வளைவுல ஒட்டிக்கிட்டு பின்பக்கத்தைக் கீழ இழுக்கும்.

எடை மையம்: மோனோ ஹல்லுக்கு (ஒரே உடல் உள்ள படகு) பின்முனையிலிருந்து மொத்த நீளத்துல 30 சதவீதம். 90 செ.மீ. படகுன்னா 27 செ.மீ. பேட்டரியை ஒரு தடவைக்கு 1 செ.மீ. மட்டும் நகர்த்திப் பாருங்க. ரொம்பப் பின்னால போனா எதிர்காத்துல படகு மல்லாந்துடும். ரொம்ப முன்னால வந்தா திருப்பத்துல மூக்கு குத்தும்.

காவேரிப்பட்டணம்:
அண்ணா, 4 செல் லைப்போ பேட்டரிக்கு 2000 கே.வி. (வோல்ட்டுக்கு நிமிஷத்துக்கு 2000 சுத்து) மோட்டார் போட்டா எந்த ப்ராப் (தண்ணியைத் தள்ளற விசிறி) சரி?

ஓசூர் லேத்:
14.8 வோல்ட் × 2000 = நிமிஷத்துக்கு 29,600 சுத்து, சுமை இல்லாம. தண்ணில ஏறக்குறைய 85 சதவீதம்னு வைங்க, 25,000. ஆக்டூரா கம்பெனியோட எக்ஸ்442 ப்ராப்னா விட்டம் 42 மி.மீ., பிட்ச் (ஒரு சுத்துக்கு முன்னேறற தூரம்) அதுல 1.4 மடங்கு, அதாவது 58.8 மி.மீ. பெருக்கினா மணிக்கு 88 கி.மீ. வரும். 15 சதவீதம் வழுக்கல் கழிச்சா 75. ஆனா தம்பி, 40 மி.மீ.ல ஆரம்பிங்க. ஒரு முழு ஓட்டம் ஓட்டிட்டு வெப்பமானியை வைங்க. மோட்டார் 70 டிகிரிக்குள்ள, பேட்டரி 55க்குள்ள இருந்தா அடுத்த அளவுக்குப் போகலாம். சார்ஜர் திருப்பி ஏத்தற அளவு 5000 எம்.ஏ.எச். பேட்டரிக்கு 4000க்கு மேல போகக் கூடாது. தாண்டினா கடைசிச் சுற்றுல படகு சோர்ந்துடும்.

கடையில வர்ற ப்ராப்பை அப்படியே மாட்டாதீங்க. முன்விளிம்பைக் கூர்மையாக்கி, பேலன்ஸ் பாக்கணும். கனமான இறக்கையில தண்ணியைத் தள்ளற முகத்தைத் தொடாம மறுபக்கம் தேயுங்க. பெரிலியம் செம்பு ப்ராப்பா இருந்தா ஈரத்துல மட்டும்தான் தேய்க்கணும், மாஸ்க் கட்டாயம். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆபத்து. பட்டறையில கிரைண்டர்ல காட்டவே கூடாது.

ஃப்ளெக்ஸ் ஷாஃப்ட்டுக்கு (மோட்டார்லேர்ந்து ப்ராப்பைச் சுத்தற வளையற கேபிள்) ஒரு வார்த்தை. ஸ்ட்ரட்டுக்கும் (ப்ராப் தண்டைத் தாங்கற பிராக்கெட்) டிரைவ் டாகுக்கும் (ப்ராப்பைப் பிடிச்சுச் சுத்தற துண்டு) நடுவுல 3 மி.மீ. இடைவெளி விடுங்க. சுமை ஏறும்போது கேபிள் முறுகி நீளம் குறையும். இடம் இல்லாட்டி டாக் ஸ்ட்ரட்டை அமுக்கும். பேரிங்கும் போகும், ஆம்பியரும் ஏறும். மோட்டார் சூடுக்கு ப்ராப்பைக் குத்தம் சொல்றவங்க முதல்ல இதைப் பாருங்க.

தருமபுரி பெட்ரோல்:
26 சி.சி. பெட்ரோல் படகு வெச்சிருக்கறவங்களுக்கு: லிட்டருக்கு 40 மி.லி. நல்ல டூ-ஸ்ட்ரோக் ஆயில். இப்போ பங்க்ல கிடைக்கறது எத்தனால் கலந்த பெட்ரோல், காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும். கலவையை மாசக்கணக்குல வெச்சிருக்காதீங்க, ஓட்டம் முடிஞ்சதும் டேங்கைக் காலி பண்ணுங்க. கார்ப்பரேட்டர் டயாஃப்ரம் விறைச்சுப் போனா ஐடிலிங் சரியா நிக்காது. தருமபுரியை விட ஓசூர் 400 மீட்டருக்கும் மேல உயரம், காத்து லேசு. தருமபுரி ராமக்காள் ஏரிப் பக்கம் வெச்ச கார்ப்பரேட்டர் ஊசி ஓசூர்ல கொஞ்சம் ரிச்சா (பெட்ரோல் அதிகமா) தெரியும். ஒரேயடியா மூடாம, ஒரு மணிநேர அளவு மட்டும் மூடிப் பாருங்க. அதாவது கடிகார முகத்துல ஒரு எண்ணுலேர்ந்து அடுத்த எண் வரை.

பாரூர் கரை:
நம்ம ஏரிகள்ல தோக்கறதுக்குப் பெரிய காரணம் குப்பையும் பாசியும். ரட்டர்ல இருக்கற தண்ணி உறிஞ்சும் ஓட்டை அடைச்சா ஈ.எஸ்.சி. (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தற கருவி) ரெண்டே சுற்றுல கொதிச்சுடும். தண்ணி வெளிய வர்ற குழாயை ஓட்டறவர் நிக்கற கரைப் பக்கமே வைங்க. வலச்சுற்றுன்னா அது எந்தப் பக்கம்னு கரையில நின்னு பாத்து முடிவு பண்ணுங்க. பீச்சறது நின்னா உடனே த்ராட்டிலை விட்டுடணும். ரட்டருக்கு நைலான் போல்ட் போடுங்க. கட்டை மோதினா போல்ட்தான் உடையும், பின்முனை பிளக்காது.

ஆடிக் காத்துல காலை 9 மணிக்கு மேல தண்ணி கலங்கிடும். அலையில ஓட்டித்தான் ஆகணும்னா பேட்டரியை 1 செ.மீ. முன்னால தள்ளுங்க, ப்ராப் ஒரு அளவு குறைங்க. சித்திரை வெயில்ல பேட்டரியைக் கார் டிக்கியில போட்டு வைக்காதீங்க, தெர்மாகோல் பெட்டி வேணும். வெயில்ல மூடி டேப்போட பசையும் இளகும், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பழசைத் துடைச்சுப் புதுசு ஒட்டுங்க.

காவேரிப்பட்டணம்:
ஸ்டார்ட் எப்படிண்ணா? நேரத்துக்கு முன்னாடி கோட்டைத் தாண்டிட்டா சுற்று போயிடுதே.

தருமபுரி பெட்ரோல்:
படகு ஓடிக்கிட்டே இருக்கும்போது கடிகாரம் பூஜ்ஜியம் வரும், அதுக்கப்புறம்தான் கோட்டைத் தொடணும். கடைசித் திருப்பத்திலிருந்து கோட்டுக்கு முழு வேகத்துல எத்தனை விநாடின்னு முன்கூட்டியே ஸ்டாப்வாட்ச்ல எடுத்து வைங்க. 4 விநாடின்னா, கடிகாரம் 4 காட்டறப்ப திருப்பத்தை முடிச்சிருக்கணும். முன்னாடியே வந்துட்டா நேர்ப்பாதையில வேகத்தைக் குறைக்காதீங்க, பின்னால வர்றவன் மேல ஏறிடுவான். நேரத்தைத் திருப்பத்துக்கு முன்னாடி கரைச்சுடணும்.

ஓசூர் லேத்:
ரிசீவர் ஆன்டெனா நுனி மேல் தளத்துக்கு வெளிய நிமிர்ந்து நிக்கணும், 2.4 கிகாஹெர்ட்ஸ் தண்ணிக்குள்ள போகாது. ட்ரான்ஸ்மிட்டரை அணைச்சா த்ராட்டில் பூஜ்ஜியத்துக்கு வருதான்னு ஸ்டாண்டுல வெச்சே பாருங்க. ஹல்லுக்குள்ள மூக்குப் பக்கமும் ரெண்டு ஓரமும் மிதவை ஃபோம் அடைச்சு, பேட்டரியோட ஒருதடவை தொட்டியில முழுக்கிப் பாருங்க. அணை, ஏரி எதுவா இருந்தாலும் அனுமதி வாங்கி, பரிசல்காரர் ஒருத்தரை ஏற்பாடு பண்ணிட்டு அப்புறம் மிதவை போடுங்க. நின்னுபோன படகை எடுக்க யாரும் நீந்திப் போகக் கூடாது. அடியில சேறும் மீன் வலையும் இருக்கும், ஓட்டத்துல மத்த படகுகளும் இருக்கும்.